இருபத்துமூன்றாவது வீடு

பாத்திரக்கடை வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கியது. சிவப்பு எழுத்தில் 'ஒரே விலை' என்று எழுதியிருந்தது. அந்தப் பலகைக்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டுதான் அந்த மனிதர் முப்பது வருஷமாக வருகிறவர், போகிறவர் எல்லோரிடமும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கரண்டி வாங்க வந்தவளை அண்டாவோடு அனுப்பி வைப்பார். அண்டாவுக்கு வந்தவர் கரண்டியோடு திரும்பிப் போனால், அன்று கடைக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களிடம் அவருக்கு 'ஒரே விலை' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் பதிவேட்டுக்குள் பத்திரமாகத் தூங்கியது.

ஒரே விலைக்கு ஒரே மகள், எல்லோருக்கும் அவள் பாப்பா. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மூன்று தடவை தரித்து மூன்று தடவையும் தங்கவில்லை. நாலாவது தடவை ஐந்தாம் மாதம் தாண்டியது. மாப்பிள்ளை கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர்மேல் இருப்பவர். அதனால் மகள் தாய்வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்னபடி கட்டிலைவிட்டு இறங்காமல் படுத்திருந்தாள்.

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு, மாதா சபைத் தலைவி பூசை முடிந்து மைக்கைப் பிடித்தாள். இந்த வருஷச் சங்கிலி நோன்பு ஒரே விலை மகளின் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக என்று அறிவித்தாள். கோயிலில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரே விலையும் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பங்கில் சங்கிலி நோன்பு என்பது இப்படி. சாம்பல் புதனில் தொடங்கி நாற்பது நாள், நாற்பது வீடு, ஞாயிறு சேராது. அன்றைய வீட்டில் ஒருவர், கண் விழித்ததிலிருந்து மாலை ஜெபம் முடியும்வரை தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஒரு முழ நீளத்தில் ஒரு மரச்சிலுவை இருக்கிறது. அது அன்று முழுக்க அவர் கூடவே இருக்கும். மாலையில் எல்லோரும் அந்த வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். முடிந்ததும் நோன்பிருந்தவர் சிலுவையை இரண்டு கையாலும் ஏந்தி, "காத்தோம்" என்பார். அடுத்த வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு, "காப்போம்" என்பார். கூடியிருப்பவர்கள் "ஆமென்" சொல்வார்கள். அவ்வளவுதான் சடங்கு. பட்டியல் கோயிலின் பின்வாசல் கதவில் ஒட்டியிருக்கும்.

ஒரே விலைக்கு இருபத்துமூன்றாம் நாள் வந்தது. அவர் அதற்கும் பேரம் பேசிப் பார்த்தார்.

"நடுவுல எங்கயோ சொருகிட்டீங்களேக்கா. கடைசி நாளைக் குடுங்க. சீல் வச்ச மாதிரி இருக்கும்."

"தெரு வரிசைப்படி போட்டிருக்கேன் தம்பி. சொர்க்கத்துக்குப் போனாலும் நீங்க மூலைக் கடைதான் கேப்பீங்க போல."

"மூலைக் கடைன்னா ரெண்டு பக்கமும் வாசல் வைக்கலாமேக்கா."

தலைவி சிரிக்கவில்லை. அவளுடைய கவலை வேறு. ஒரே விலைக்கு அடுத்த பெயர், இருபத்துநாலாம் நாள், பெயிண்டருடையது. பெயிண்டர் நல்ல தொழில்காரன். சுவரைத் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஆனால் சாயங்காலமானால் அவனே ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். அவனாகவே வந்து தலைவியிடம் கேட்டிருந்தான். "பாப்பாவுக்காகன்னு சொன்னீங்க. என் பேரையும் போடுங்க. சாம்பல் புதன்லேருந்து உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தொடமாட்டேன்." பாப்பா முதல் தடவை தரித்தபோது, குழந்தைக்கென்று ஒதுக்கிய அறைக்கு இளமஞ்சள் அடித்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் போனவன் அவன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே அவன் பெயிண்டர் மாமா. தலைவி மறுக்க முடியாமல் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளியும் வைத்தாள்.

இருபத்திரண்டு வீடு ஒழுங்காக ஓடியது. இருபத்துமூன்றாம் நாள் திங்கட்கிழமை.

சிலுவையை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போக ஒரே விலைக்கு மனம் வரவில்லை. கையோடு எடுத்துப்போய் குக்கர் வரிசைக்கு மேல் தட்டில் நிறுத்தினார். காலையில் தண்ணீர் குடித்தார். பத்து மணிக்கு வயிறு ஒரு கேள்வி கேட்டது. அதட்டி உட்கார வைத்தார். பதினொரு மணிக்கு ஒரு கல்லூரி விடுதியின் மேனேஜர் வந்தார். முந்நூறு தட்டு, முந்நூறு டம்ளர், பெரிய அண்டா ஆறு. அப்படி ஒரு ஆர்டர் வந்து ரொம்ப நாளாகியிருந்தது. ஒரே விலைக்குப் பசி எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

"என்னங்க இது, ஊதினா பறக்கும் போலிருக்கு தட்டு?" என்றார் மேனேஜர்.

"சார், உங்க பசங்க சண்டை போட்டா எதை எடுத்து அடிப்பாங்க? தட்டைத்தான். கனமான தட்டு குடுத்தா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடப்போறது நீங்கதான். இது தலைக்கு நல்ல தட்டு."

"அப்ப தலைக்குத்தானே, சோத்துக்கு இல்லையே. விலையைக் குறைங்க."

"பலகையைப் பாத்தீங்களா, இல்லையா?"

"பலகையும் உங்களோடதுதானே. அதுவும் தகரம்தான்."

இப்படி ஒன்றரை மணி நேரம். மேனேஜர் இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போனார். ஒரே விலை இரண்டு தடவையும் பார்க்காத மாதிரி ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் விலை படிந்தது.

பாத்திரக்காரர்களிடம் ஒரு வழக்கம். விலை படிந்தது என்று வாயால் சொல்வதில்லை. எதிர்க்கடைக்கு ஒரு விரல் சைகை போகும். இரண்டு டீயும் இரண்டு பன்னும் வரும். வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து குடித்தால் விலை நின்றது. ஒருவர் தம்ளரைத் தொடாமல் வைத்தால், அவருக்கு மனம் ஆறவில்லை, பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் ஒரே விலையின் விரல், கை, வாய் எல்லாம் அவரைக் கேட்காமலே இதைச் செய்யப் பழகியிருந்தன. விரல் சைகை காட்டியது. டீ வந்தது. கை எடுத்தது. வாய் குடித்தது. பன்னை டீயில் நனைத்து ஒரு கடி கடித்துவிட்டு, விடுதியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்பதற்காக நிமிர்ந்தார். குக்கர் வரிசைக்கு மேலே மரச்சிலுவை நின்றிருந்தது.

வாயில் பன். எதிரில் மேனேஜர். துப்பியிருக்கலாம். துப்பினால் அந்த ஆள் என்ன நினைப்பான்? விலையில் ஏதோ வருத்தம் என்று நினைப்பான், எழுந்தாலும் எழுந்துவிடுவான். ஒரே விலை விழுங்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாதி டீ குடித்தாலும் குடித்ததுதானே என்று ஒரு கணக்கு மனதுக்குள் ஓடியது, மீதியையும் குடித்தார். மேனேஜர் சந்தோஷமாகப் போனார்.

மாலை வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. பாப்பா உள்ளறையில் படுத்தபடியே, கதவைத் திறந்து வைத்து ஜெபமாலை சொன்னாள். ஒரே விலை சிலுவையை ஏந்தி நின்றார். குரல் உடையும் என்று பயந்துகொண்டிருந்தார். உடையவில்லை. "இது அடக்க விலைங்க" என்று தினமும் நாலு தடவை சொல்லும் அதே குரல், அதே வழுவழுப்போடு, "காத்தோம்" என்றது.

பெயிண்டர் சிலுவையை வாங்கினான். சட்டையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டு வந்திருந்தான். கை மட்டும் லேசாக நடுங்கியது. ஏறக்குறைய நாலு வாரம் மதுவைத் தொடாத நடுக்கம் அது. "காப்போம்" என்றான்.

மறுநாள் செவ்வாய், காலை பதினொன்றரைக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. பாப்பாவின் அம்மா பேசினாள். "என்னங்க, வாங்க. பாப்பாவுக்கு ரத்தம் போகுது."

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு லேடி டாக்டர் வெளியே வந்தாள். குழந்தையின் துடிப்பு இருக்கிறது. ஆனால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளாகத்தான் பார்க்க வேண்டும். "மனசுக்கு அதிர்ச்சி குடுக்கிற பேச்சு எதுவும் அவங்ககிட்ட வேண்டாம்" என்றாள். ஒரே விலை தலையாட்டினார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பத்திரமாக எடுத்து உள்பையில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு.

உள்ளே பாப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கையில் ஊசிக் குழாய்.

"அப்பா, நேத்து நீங்க ஒழுங்கா இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்மா."

"டீகூட இல்லாம?"

"டீகூட இல்லாம."

"அப்ப இன்னிக்குத்தான்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் மட்டும் இல்லை, பங்கே அந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தது. இருபத்துநாலாம் நாள் யாருடையது? பெயிண்டருடையது. எத்தனை மணிக்கு ஆனது? பதினொன்றரைக்கு. அந்த ஆள் பதினோரு மணிவரை தாங்குவானா? அன்று மாலை பெயிண்டர் வீட்டில் ஜெபமாலைக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். பெயிண்டர் சிலுவையை ஏந்தி "காத்தோம்" என்றான். யாரும் ஆமென் சொல்லவில்லை. இருபத்தைந்தாம் வீட்டு டீச்சர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றவள், சிலுவையைக் கைக்குட்டையால் வாங்கி அதே கைக்குட்டையால் மேலிருந்து கீழ்வரை துடைத்தாள். துடைத்துவிட்டுத்தான் "காப்போம்" என்றாள்.

மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் ஒரே விலை அந்த ஒன்பது பேரில் ஒருவராக வந்திருந்தார். எதற்கு வந்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. அவரும் ஆமென் சொல்லவில்லை.

புதன்கிழமை மாலை கோயிலில் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லும் நேரம். ஒரே விலை வரிசையில் கடைசியாக நின்றார். பின்னால் ஆறு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர் முறை வந்தது. முழங்காலிட்டு, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்த பங்குச்சாமியாரின் காதுக்கு டீ, பன், காத்தோம் எல்லாவற்றையும் சொன்னார். சாமியாருக்கு முப்பத்தைந்து வயதுதான். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கடவுள் ஒரு டீக்காகக் குழந்தையைத் தண்டிக்கிறவர் இல்லைங்க. அதை முதல்ல மனசுலேருந்து எடுத்துடுங்க."

ஒரே விலைக்கு ஒரு கணம் மூச்சு லேசானது. உடனே உள்ளிருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"அப்ப ஃபாதர், உடைச்சதால நஷ்டமில்லன்னா, காத்தா மட்டும் என்ன லாபம்? நாப்பது வீடும் எதுக்குப் பட்டினி கிடக்குது?"



"அதுக்கு ஒரு நாள் முழுக்க உக்காந்து பேசணும். வெளியே ஆறு பேர் நிக்கிறாங்க" என்றார் சாமியார். "இப்ப விஷயம் டீ இல்ல. ஒரு மனுஷன் பேரு கெட்டுக் கிடக்குது. உங்களால கெட்டது. அதை நீங்கதான் திருப்பிக் குடுக்கணும்."

"மகளுக்கு அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க ஃபாதர். நான் வாயைத் திறந்தா பத்து நிமிஷத்துல அவ காதுக்குப் போயிடும். வேற ஏதாவது சொல்லுங்க. பத்து நாள் நோன்பு இருக்கிறேன்."

"இருங்க. ஆனா அது வேற."

"இருபது நாள். கூட பீடத்துக்குப் புது மெழுகுவர்த்தித் தண்டு ஆறு. பித்தளை. கனமானது."

"பீடத்துல இருக்கிறதே போதும்."

"உயிர்த்த ஞாயிறு வரைக்கும் டைம் குடுங்க. குழந்தை நிலைச்சிடுச்சின்னா நானே வந்து சொல்றேன்."

"நிலைக்கலன்னா?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"முப்பது வருஷமா பலகை மாட்டியிருக்கீங்களே, இங்கேயும் அதேதான்" என்றார் சாமியார். குரலில் கேலி இல்லை, களைப்புதான் இருந்தது. பாவமன்னிப்பு ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினார்.

வியாழக்கிழமை ஒரே விலை பெயிண்டரைத் தேடிப் போனார். பங்கு மண்டபத்துக்கு உயிர்த்த ஞாயிறுக்குள் வெள்ளையடிக்கும் வேலை அவனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். மூன்று சுவர் முடிந்திருந்தது. நாலாவது பாதியில் நின்றது. பெயிண்டர் தரையில் உட்கார்ந்து பிரஷ்களைக் கழுவிப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, பாதியில விட்டிருக்க?"

"போதும்னுட்டாங்கண்ணே. மிச்சத்தை வேற ஆள் வச்சுப் பாத்துக்கிறாங்களாம்." அவன் நிமிர்ந்தான். கண் தெளிவாகத்தான் இருந்தது. "பாப்பா எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேண்ணே. எங்க தப்பு நடந்துச்சுன்னு. அன்னிக்குக் காலையில பல் தேய்ச்சேன். பேஸ்ட்டு கொஞ்சம் உள்ள போயிருக்குமா? அப்புறம் ஒரு மூடியைப் பல்லால கடிச்சுத் திறந்தேன். அதுல ஏதாவது இருந்திருக்குமோ என்னமோ. வேற ஒண்ணும் ஞாபகம் வரல. சத்தியமா வேற ஒண்ணும் இல்லண்ணே."

ஒரே விலை நாக்கைப் புரட்டினார். ஒரு கரண்டியை ஒன்பது விதமாகப் புகழத் தெரிந்த நாக்கு அது. கிடைத்ததென்னவோ இவ்வளவுதான்: "விடுப்பா. பேஸ்ட்டெல்லாம் ஒரு கணக்கா?"

"மத்தவங்க பேசுறது பரவாயில்லண்ணே. என்னைப் பத்தி அவங்க புதுசாவா பேசுறாங்க? ஒரே ஒருத்தங்க பேசினதுதான்…" அவன் நிறுத்திக்கொண்டான். பிரஷைத் துணியில் இறுக்கிக் கட்டினான். "போகட்டும். வயித்தெரிச்சல்ல பேசினது. நீங்கதாண்ணே வந்து நின்னு பேசுறீங்க. பெத்த அப்பன் நீங்க. நீங்களே என்னைத் திட்டல."

அவன் ஒரே விலையின் கையைப் பிடித்துக்கொண்டான். விரல் நகங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு. ஒரே விலை அந்தக் கையை எவ்வளவு நேரம் பிடித்திருக்கலாமோ அவ்வளவு நேரம் பிடித்திருந்துவிட்டு, கடை திறக்க நேரமாச்சு என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். கடை காலையிலேயே திறந்தாயிற்று.

அன்று பேரம் எதுவும் படியவில்லை. ஒரு அம்மாள் இட்லித் தட்டுக்குப் பாதி விலை கேட்டாள், சரி என்றார். அவள் பயந்துபோய், ஓட்டை இருக்குமோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமலே போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சிலுவைப்பாதை. பதினாலு நிலைகளுக்கும் ஜனம் எழுந்து, முழங்காலிட்டு, எழுந்து, பாட்டுப் பாடி நகர்ந்தது. பெயிண்டர் வழக்கமாக நிற்கும் கடைசித் தூணடியில் யாரும் இல்லை. ஒரே விலை ஒவ்வொரு நிலையிலும் திரும்பிப் பார்த்தார். அவன் வந்தால் சொல்லலாம் என்று ஒரு மனம். வராவிட்டால் சொல்லாமல் இருக்கலாமே என்று இன்னொரு மனம். இரண்டும் எதிரெதிர்க் கடைக்காரர்கள் மாதிரி அவரை ஆளுக்கொரு பக்கம் கூவி அழைத்தன.

பதினாலாம் நிலை முடிந்தது. சாமியார் பீடத்துப் படியில் நின்றார். தலைவி மைக்கை வாங்கினாள்.

"ஒரு அறிவிப்பு. நம்ம சங்கிலியில இருபத்துநாலாம் நாள் சரியா இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம். ஆனா பாப்பாவும் பிள்ளையும் இன்னும் ஆஸ்பத்திரியிலதான். அதனால அந்த ஒரு நாளை வேற வீடு திரும்ப இருந்து குடுக்கணும். யாரு இருக்கீங்க?"

ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. நல்ல மனிதர்களின் கைகள்தான். ஒரே விலை எழுந்து நின்றார். அவரும் கை தூக்குகிறார் என்று தலைவி நினைத்தாள்.

"நீங்க வேண்டாம் தம்பி. நீங்க ஆஸ்பத்திரியைப் பாருங்க."

"இருபத்துநாலு இல்லக்கா" என்றார் ஒரே விலை. "இருபத்துமூணு."

"எது இருபத்துமூணு?"

"உடைஞ்சது."

பாட்டுப் புத்தகம் ஒன்று எங்கோ விழுந்தது.

"அன்னிக்குக் கடையில டீ குடிச்சேன். பன்னும் தின்னேன். சாயங்காலம் உங்க எல்லாருக்கும் முன்னாடி காத்தோம்னு சொன்னேன். பொய்."

தலைவி மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்தாள். அவள் மூச்சு விடுவது ஒலிபெருக்கியில் கேட்டது. "மறந்துபோய்க் குடிச்சீங்களா, தெரிஞ்சு குடிச்சீங்களா?"

"முதல் வாய் மறந்து. மீதி தெரிஞ்சு."

"பெத்த பிள்ளைக்காக ஒரு நாள் இருக்க முடியலையா உங்களால?" இது டீச்சர். கேட்டுவிட்டு அவளே தன் கைக்குட்டையைப் பார்த்தாள். பார்த்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"முடியல டீச்சர்" என்றார் ஒரே விலை. "பெயிண்டர் இருந்தான். பல் தேய்ச்ச பேஸ்ட்டு உள்ள போச்சான்னு கணக்குப் பாக்குற அளவுக்கு இருந்தான். அவன் காத்தோம்னு சொன்னப்ப நீங்க யாரும் ஆமென் சொல்லல. நானும் அங்கதான் நின்னேன். நானும் சொல்லல."

சொல்லிவிட்டு நின்றார். தன் விலையைச் சொல்லியாயிற்று. எதிராளி என்ன சொல்வான் என்று காத்திருக்கும் பழக்கம் அது. சாமியார் கையிலிருந்த புத்தகத்தை மூடி, திறந்து, மறுபடி மூடினார். நாலாவது வரிசையில் ஒரு பெண் ஏற்கெனவே முந்தானைக்குள் போனை எடுத்திருந்தாள். ஒரே விலை அதைப் பார்த்தார். பின்வாசல் வழியே இறங்கி ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாப்பாவின் அம்மா நின்றிருந்தாள். அவர் படியேறுவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செய்தி ஆட்டோவைவிட வேகமாக வந்திருந்தது.

"அவளுக்குத் தெரியுமா?"

"போன் அவ கையிலதானே இருக்கு" என்றாள். "முப்பது வருஷமா உங்ககூட இருக்கேன். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லாம வச்சிருப்பேன்."

"அதனாலதான் சொல்லல" என்றார்.

உள்ளே பாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நர்ஸ் துடிப்பு பார்க்கும் கருவியை வயிற்றில் வைத்துக் கேட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு போனாள். ஒரே விலை ஸ்டூலில் உட்கார்ந்தார். மகளின் முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஆரம்பித்த வாக்கியம் ஒன்றும் முடியவில்லை.

"என்ன ஆர்டர்?" என்றாள் பாப்பா, திரும்பாமலே.

"விடுதிக்கு. முந்நூறு தட்டு."

"நல்ல விலையா?"

"ம்."

பிறகு மெல்லத் திரும்பினாள். அழுதிருக்கிறாள், இப்போது அழவில்லை.

"நீங்க டீ குடிச்சீங்க, பன் தின்னீங்க, அதெல்லாம் இருக்கட்டும். அதால ஆச்சா, ஆகலையா, எனக்குத் தெரியல. ஆனா நான் கேட்டேன். டீகூட இல்லாமலான்னு கேட்டேன். டீகூட இல்லாமன்னீங்க."

"ஆமாம்மா."

"அதை நம்பித்தான் நான் பெயிண்டர் மாமாவுக்குப் போன் பண்ணினேன்."

'ஒரே ஒருத்தங்க பேசினதுதான்' என்று பெயிண்டர் பாதியில் நிறுத்தியது ஒரே விலைக்கு நினைவுக்கு வந்தது.

"என்ன சொன்ன?"

"அதை நான் திரும்பச் சொல்ல மாட்டேன்" என்றாள். "என் பிள்ளைக்கு அடிச்சு வச்ச மஞ்சளையும் சுரண்டி எடுத்துட்டுப் போங்கன்னேன். அது ஒண்ணு. அதைவிடவும் சொன்னேன். அவர் ஒண்ணும் பதில் பேசல. சரி பாப்பா, உடம்பைப் பாத்துக்கன்னாரு. அவ்வளவுதான்."

பாப்பாவின் அம்மா வாசலில் வந்து நின்றாள். பிளாஸ்கிலிருந்து ஒரு தம்ளரில் டீ ஊற்றிக் கணவருக்கு எட்டும் இடத்தில் மேஜைமேல் வைத்தாள். சமாதானமாக வைத்தாளா, குத்திக்காட்ட வைத்தாளா என்று அவள் முகத்தில் படிக்க முடியவில்லை. ஒரே விலை தம்ளரைத் தொடவில்லை.

"போன் போடுங்கப்பா" என்றாள் பாப்பா. "போட்டு என் கையில குடுங்க."

அவர் எண்ணைத் தேடி அழுத்தினார். மகளின் காதில் வைத்தார். அறை அத்தனை அமைதியாக இருந்ததால், அந்தப் பக்கம் மணி அடிப்பது அவருக்கும் கேட்டது. அடித்தது. நெடுநேரம் அடித்தது. எடுக்கவில்லை என்று ஒரு பெண்குரல் வந்து சொல்லி, நின்றுபோனது.

"வேலையில இருப்பான்" என்றார் ஒரே விலை. சொன்ன பிறகுதான் அவனுக்கு வேலை இல்லை என்பது நினைவு வந்தது. பிரஷ்களைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி கண்முன் வந்தது. சாயங்காலம் ஆறரை மணி. அவன் வழக்கமாகச் சுவரைப் பிடிக்கும் நேரம்.

"எடுக்கலன்னா?"

"நேர்ல போறேன்மா."

"போங்க. அதுக்கு முன்னாடி இன்னொரு தரம் போடுங்க" என்றாள் பாப்பா. ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. இன்னொரு கையை நீட்டினாள்.

மேஜைமேல் டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அவர் மறுபடி அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியது.